ஜெனரலா, தளபதியா, சேனாபதியா: கண்காட்சிப் பலகைகளுக்கு ஒரு சொல்

கெடா மாநிலத்தில், குருணுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் இடையே இருக்கும் எங்கள் பீடோங்கில், கோயில் மண்டபத்தில் ஒரு வரலாற்றுக் கண்காட்சி வைக்க ஏற்பாடு நடக்கிறது. கடாரம் முதல் நாட்டின் விடுதலை வரைக்கும் இந்த வட்டாரம் கண்டவற்றைப் பலகைகளில் எழுதி, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும்படி வைப்பது நோக்கம். பலகைகளை ஆளுக்குச் சிலவாகப் பகிர்ந்து எழுதினார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் என்னிடம் வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சரணடைந்த பிரிட்டிஷ்காரர் பெர்சிவல், ஒரு பலகையில் தளபதியாகவும் இன்னொன்றில் ஜெனரலாகவும் மூன்றாவதில் சேனாதிபதியாகவும் இருந்தார். படிக்கும் பிள்ளை மூன்று வேறு ஆட்கள் என்று நினைத்தால் குற்றம் பிள்ளையுடையது அல்ல. அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு சொல்லை முடிவு செய்தாக வேண்டும் என்று குழு கேட்டதால், முன்வைக்கப்பட்ட சொற்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து என் கருத்தை எழுதுகிறேன்.

சொல்லைத் தேர்வதற்குமுன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஜெனரல் என்பது ஒரு வேலையின் பெயர் அல்ல. அது ஒரு தரநிலையின் பெயர். மலேசியத் தரைப்படையில் இத்தரநிலை நான்கு படிகளாக இருக்கிறது: ஒரு நட்சத்திரத்துக்கு பிரிகேடியர் ஜெனரல், இரண்டுக்கு மேஜர் ஜெனரல், மூன்றுக்கு லெப்டினன்ட் ஜெனரல், நான்குக்கு முழு ஜெனரல். அதற்கும் மேலே உள்ள ஃபீல்டு மார்ஷல் என்ற தரநிலை மாமன்னருக்கு உரியது. நம் நாட்டில் ஆகாயப்படையும் இதே பெயர்களைத்தான் பயன்படுத்துகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே ஜெனரல் என்றால் தரைப்படைக்காரர் என்று முடிவுகட்டிவிட முடியாது. இவை அனைத்தும் ஒருவர் தோளில் அணியும் தரம். அவர் எந்தப் படைப்பிரிவை நடத்துகிறார், எந்த அலுவலகத்தில் அமர்கிறார் என்பது வேறு செய்தி. அதற்கு வேறு பெயர் இருக்கிறது. தரைப்படையின் தலைமைப் பொறுப்பை மலாயில் ‘பங்லிமா’ என்கிறார்கள். அப்பொறுப்பில் இருப்பவரின் தரநிலை ‘ஜெனரல்’. ஒரே ஆள், இரண்டு பெயர், இரண்டு பொருள்.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இந்த வேறுபாட்டை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பெரிய துரை விடுப்பில் போன மாதங்களில் சின்ன துரை தோட்டம் முழுவதையும் பார்த்துக்கொள்வார். பெரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், அவர் சொல்வதே கட்டளை. ஆயினும் அவரைப் பெரிய துரை என்று எவரும் அழைத்ததில்லை. கங்காணி ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய ஆட்களை மூத்த தொழிலாளி ஒருவர் நடத்தினால், அவர் கங்காணியின் வேலையைச் செய்தார் என்போமே தவிர அவரைக் கங்காணி என்று சொல்ல மாட்டோம். செய்யும் வேலை ஒன்று, வாங்கிய பட்டம் ஒன்று. என் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு கோட்டின்மேல்தான் நடக்கிறது.

முதலில் ‘தளபதி’. எழுதியவர்களில் பெரும்பாலோர் இயல்பாக எடுத்த சொல் இது. படிப்பவருக்கு உடனே புரியும். தமிழ் ஒலியில் தடையின்றி வரும். தளம் என்றால் படை, பதி என்றால் தலைவன் என்று பிள்ளைக்கு விளக்கவும் முடியும். குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது பெரியது: இச்சொல் பொறுப்பைச் சொல்கிறது, தரநிலையைச் சொல்வதில்லை. நம் பலகைகளிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை 1943இல் சிங்கப்பூரில் ஏற்ற நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அப்படையின் தளபதி. ஆனால் அவர் ஜெனரல் என்ற தரநிலையைச் சூட்டிக்கொள்ளவில்லை. தோட்டங்களிலிருந்து போன பெண்பிள்ளைகள் பலர் சேர்ந்த ஜான்சி ராணி படைப்பிரிவை நடத்திய லட்சுமி சுவாமிநாதன் அப்பிரிவின் தளபதி. மக்கள் அவரைக் கேப்டன் லட்சுமி என்றே அறிவார்கள், கேப்டனுக்கும் ஜெனரலுக்கும் நடுவே பல படிகள் உள்ளன. தளபதியும் ஜெனரலும் ஒன்று என்று எழுதிவிட்டால் இவ்விருவருக்கும் பெறாத பட்டத்தைக் கொடுத்தவர்களாவோம்.

மறுபக்கமும் இருக்கிறது. 1952இல் மலாயாவுக்கு வந்த ஜெரால்டு டெம்ப்ளர் தரநிலையில் முழு ஜெனரல். ஆனால் அவர் இங்கே ஏற்ற முதன்மைப் பொறுப்பு உயர் ஆணையர் என்பது, அதாவது நாட்டின் நிர்வாகமே அவர் கையில் இருந்தது. அவருக்கு முன், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில், 1950இல் வந்து, காட்டோரத்தில் வாழ்ந்தவர்களைப் புதுக்கிராமங்களிலும் தோட்டத் தொழிலாளர்களைக் கம்பிவேலிக்குள்ளும் ஒன்றுசேர்த்த திட்டத்தை வகுத்த ஹெரால்டு பிரிக்ஸ், ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல். அவர் சிவிலியனாகவே நடவடிக்கை இயக்குநர் பொறுப்பை வகித்தார். இவ்விருவரையும் ‘தளபதி’ என்று எழுதிய பலகை, நம் பாட்டன் பாட்டிகளை வேலிக்குள் நகர்த்தியது ஒரு படையின் கட்டளை என்ற எண்ணத்தைத் தரும்; அதைச் செய்தது ஓர் அரசு நிர்வாகம் என்பது மறைந்துபோகும். எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. அந்த வேலிக்குள் பிறந்தவர்கள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். 1967இல் அரச மலேசியக் கடற்படையின் தலைமையை ஏற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு 31 வயது. தமிழர் ஒருவர் நாட்டின் கடற்படையை நடத்தினார் என்பதைப் பலகையில் பெரிய எழுத்தில் போட எல்லோருக்கும் ஆசை, எனக்கும் ஆசை. அவரைக் கடற்படைத் தளபதி என்று எழுதுவது முற்றிலும் சரி. ஆனால் வரைவில் ஆர்வ மிகுதியால் ‘தமிழ் ஜெனரல்’ என்று இருந்தது. கடற்படையில் ஜெனரல் கிடையாது. அவர் ரியர் அட்மிரல். பெருமையைச் சரியான பெயரில் எழுதினால்தான் அது நிற்கும்.

இரண்டாவது ‘சேனாதிபதி’, அதன் நெருங்கிய வடிவமான ‘சேனாபதி’. இதைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. சேனாதிபதி என்றவுடன் கோயில் மண்டபத்தில் நிற்பவருக்கு தேவசேனாபதியான முருகன்தான் நினைவுக்கு வருவான். பெர்சிவலையும், மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் யமாஷிதாவையும் அச்சொல்லால் அழைப்பது காதுக்கு ஒட்டவில்லை. ஆயினும் சேனாபதி என்ற சொல்லைக் கண்காட்சியிலிருந்தே நீக்கிவிடக் கூடாது. சோழர் கல்வெட்டுகளில் அது வாழ்ந்த பட்டம். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை இராசராசனின் ஆணைப்படி எடுப்பித்தவன் சேனாபதி கிருஷ்ணன் இராமன் என்று கல்வெட்டு சொல்கிறது. 1025இல் இராசேந்திரனின் கப்பல்கள் கடாரத்தை நோக்கி வந்த செய்தியைச் சொல்லும் பலகையில், பூஜாங் பள்ளத்தாக்கின் படத்துக்குக் கீழே, சேனாபதியும் தண்டநாயகமும் தான் பொருந்தும். அங்கே ஜெனரல் என்று எழுதினால் அதுவும் இதே அளவு தவறு.

மூன்றாவது வழியைத்தான் நான் மிகுந்த மரியாதையோடு அணுகினேன். எங்கள் குழுவில் இருக்கும் இளைய தமிழாசிரியர் ஒருவர், அயற்சொல் எதுவும் வேண்டாம், ‘படைத்தலைவர்’ என்பதை அடிப்படையாக வைத்து, இணைப் படைத்தலைவர், துணைப் படைத்தலைவர், உதவிப் படைத்தலைவர் என்று நான்கு படிக்கும் தமிழிலேயே பெயர் அமைக்கலாம் என்றார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதும் பலகையில் தமிழ் தன் காலில் நிற்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்த உணர்வில் எனக்கு வேறுபாடு இல்லை. தமிழில் தரநிலைக்குச் சொல் இல்லாமலும் இல்லை. சங்க காலத்தில் வேந்தன் தன் படைவீரரில் சிறந்தவனுக்கு ‘ஏனாதி’ என்ற பட்டத்தை மோதிரம் அணிவித்துக் கொடுத்தான். சோழர் ஆட்சியில் அதிகாரிகள் பெருந்தரம், சிறுதரம் என்று படிவகுக்கப்பட்டிருந்தார்கள். இன்று நாம் தரநிலை என்கிறோமே, அந்தத் ‘தரம்’ அங்கேயே இருக்கிறது. நிலைத்து நிற்கும் வீரர்கள் எத்தனை இருந்தாலும் தலைமக்கள் இல்லாவிட்டால் அது படையே இல்லை என்று குறளும் 770ஆம் பாட்டில் சொல்கிறது. ஆகவே தமிழுக்கு வளம் போதாது என்ற எண்ணத்தில் நான் இவ்வழியை மறுக்கவில்லை.

மறுப்பதற்குக் காரணம் ஏனாதிப் பட்டத்திலேயே இருக்கிறது. மோதிரத்தை அணிவிக்க ஒரு வேந்தன் இருந்தான். அதனால் அது பட்டமாயிற்று. தரநிலை என்பது கொடுப்பவர் ஒருவரும் பெறுபவர் ஒருவரும் இருந்தால் மட்டுமே உண்டாகிற பொருள். பெர்சிவலை எவரும் இணைப் படைத்தலைவராக நியமிக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு அவருக்குக் கொடுத்தது லெப்டினன்ட் ஜெனரல் என்ற தரநிலை. நாம் அமைக்கும் அழகான தமிழ்ச் சொல்லைப் பிள்ளை மனப்பாடம் செய்துகொண்டு, நாளை இடைநிலைப் பள்ளியில் வரலாற்றுப் பாடநூலைத் திறந்தால், ‘லெப்டெனன் ஜெனரல்’ என்பதும் அதுவும் ஒன்று என்று எப்படி அறியும்? மேலும், துணை, இணை, உதவி என்ற அடைகள் ஒருவர் மற்றொருவருக்குக் கீழே வேலை செய்வதைக் காட்டுபவை. மேஜர் ஜெனரல் யாருக்கும் உதவியாளர் அல்லர். ஒரு டிவிஷனைத் தானே நடத்துபவர்.

இங்கே மலாய்மொழி செய்ததைக் கவனிப்பது பயன்தரும். மலாய்க்காரர்களுக்கும் பழைய படைச் சொற்கள் பல உண்டு: பங்லிமா, ஹுலுபாலாங், லக்சமனா. இவற்றில் பங்லிமாவைப் பொறுப்பின் பெயராக வைத்துக்கொண்டு, தரைப்படைத் தரநிலைக்கு ஜெனரலைக் கடன் வாங்கினார்கள். கடற்படைக்கு மட்டும், மலாக்கா சுல்தானகத்தின் பதவிப் பெயராக இருந்த லக்சமனாவை, இராமனின் தம்பி பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சொல்லை, அட்மிரலுக்கு நேராக ஏற்றார்கள். பழஞ்சொல்லைப் புதிய தரநிலைக்கு ஏற்றுவது முடியாத செயல் அல்ல என்பதற்கு இது சான்று. ஆனால் அதைச் செய்தது ஓர் அரசு. சட்டத்தில் எழுதி, ஆட்களுக்கு அப்பட்டத்தைக் கொடுத்து, சொல்லுக்கு உயிர் கொடுத்தது. ஊர்க் கண்காட்சிக் குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை.

நான்காவது ‘ஜெனரல்’ என்று ஒலிபெயர்ப்பது. நான் இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் இதற்கும் சிக்கல்கள் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. மேஜர் என்பவர் லெப்டினன்டுக்கு மேலே. ஆனால் மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழே. பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். முற்காலத்தில் அத்தரநிலை ‘சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்’ என்று இருந்தது, முன்னாலிருந்த சார்ஜன்ட் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது என்று சொன்னால் விளங்கிவிடும். பிரிகேடியரின் சிக்கல் இன்னும் நுட்பமானது. மலேசியாவில் பிரிகேடியர் ஜெனரல், ஜெனரல்களில் ஒருவர். பிரிட்டிஷ் படையிலும் இந்தியப் படையிலும் பிரிகேடியர் என்றே நின்றுவிடும். அவர் ஜெனரல்களில் சேர்க்கப்படுவதில்லை. 1941 டிசம்பரில் குருணில் படை நடத்திய பிரிகேடியர்களுக்கு இன்றைய மலேசிய வழக்கைப் பார்த்து ‘ஜெனரல்’ சேர்த்துவிடக் கூடாது.

ஜப்பானியர் விஷயத்தில் என் விதி முழுமையாகச் செல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொடுத்தவரின் சொல்லால் எழுத வேண்டும் என்றால், யமாஷிதாவை அவர்கள் மொழியில் ‘சூஜோ’ என்று எழுத வேண்டும். அது யாருக்கும் விளங்காது. அதற்கு நேரான தரநிலை லெப்டினன்ட் ஜெனரல் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட வழக்கு. அதையே நாமும் எழுதுவோம். ஆண்டை மட்டும் கவனிக்க வேண்டும். மலாயாவைப் பிடித்தபோது யமாஷிதா லெப்டினன்ட் ஜெனரல். 1943இல்தான் அவர் முழு ஜெனரல் ஆனார். சரணடைவு மேசையின் இருபுறமும் ஒரே தரநிலை இருந்தது என்ற உண்மை, தரநிலையை முழுமையாக எழுதினால் மட்டுமே படிப்பவர் கண்ணில் படும். அதே போரில் மூன்றாம் இந்தியக் கோரை (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவை) நடத்திய லூயிஸ் ஹீத்தும் லெப்டினன்ட் ஜெனரல்தான். பெர்சிவலுக்கு முன்பே அப்படையில் மூத்தவர். ஆனால் மலாயாவில் பெர்சிவலின் கட்டளைக்குக் கீழே பணியாற்றினார். ஒரே தரநிலை, மேலும் கீழுமான பொறுப்பு. ‘தளபதி’ என்ற ஒற்றைச் சொல்லால் இதை எழுதவே முடியாது.

மோகன் சிங்கின் பலகைதான் என் முடிவை உறுதிசெய்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் அவர் கேப்டன். ஜித்ரா தோல்விக்குப்பின் நம் மாநிலத்திலேயே, அலோர் ஸ்டார் பக்கத்தில், ஜப்பானியரிடம் வந்து சேர்ந்தார். 1942இல் இந்திய தேசிய இராணுவம் அமைந்தபோது ஜெனரல் ஆனார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜப்பானியரால் கைது செய்யப்பட்டார். கேப்டன் ஒருவர் ஓராண்டுக்குள் ஜெனரல் ஆனதும், அப்பட்டம் யார் கொடுத்தது, எவ்வளவு காலம் நின்றது என்பதும் அந்தப் படையின் நிலையையே காட்டுகின்றன. ‘தளபதி மோகன் சிங்’ என்று எழுதினால் இந்தக் கதை முழுவதும் அவிந்துவிடும்.

எங்கள் ஊரில் ரெஞ்சர் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற சார்ஜன் ஒருவர் இருக்கிறார். வரைவுகளைக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “டீச்சர், தளபதின்னு போட்டா எத்தனை நட்சத்திரம்னு எப்படித் தெரியும்? ஒரு நட்சத்திரத்துக்கும் நாலு நட்சத்திரத்துக்கும் நடுவுல ஒரு மனுசனோட பாதி ஆயுசு இருக்கு.” அதைக் கேட்ட பிறகு, தரநிலையைச் சுருக்கி எழுதுவது இடத்தை மிச்சப்படுத்தும் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

பிற தமிழ் நிலங்களின் வழக்கும் இதற்கு ஒத்தே இருக்கிறது. இலங்கைத் தமிழ் நாளேடுகள் ‘இராணுவத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல்’ என்று பொறுப்பையும் தரநிலையையும் அடுத்தடுத்து எழுதுகின்றன. தமிழ்நாட்டில் ‘இராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல்’ என்பது பழகிய தொடர். அப்பொறுப்பை வகித்த குமாரமங்கலத்தையும் சுந்தர்ஜியையும் அப்படித்தான் குறிப்பிடுவார்கள். இந்தியா 1955இல் தன் தரைப்படைத் தலைமைப் பொறுப்பின் ஆங்கிலப் பெயரையே மாற்றியது. அப்பொறுப்பில் இருந்தவரின் தரநிலை மாறவில்லை, முன்பும் பின்பும் ஜெனரல்தான். அயற்சொல் என்ற தயக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுத்தரைக் குறிக்கும் கிராணி என்ற சொல்லைத் தோட்டத்துத் தமிழர் மூன்று தலைமுறையாகப் புழங்குகிறோம். நம் பாட்டுகளிலும் பழிப்புகளிலும் அது இருக்கிறது. அதனால் நம் தமிழ் தேய்ந்துவிடவில்லை. ஆனால் பொறுப்பின் பெயரைத் தமிழில் எழுத வாய்ப்பிருக்கும் இடத்தில் அதை விட்டுவிடுவதையும் நான் ஏற்க மாட்டேன். இளைய ஆசிரியர் கேட்ட தமிழுக்கு அங்கே முழு இடம் இருக்கிறது.

ஆகவே குழுவுக்கு நான் முன்வைப்பது இது. தரநிலை எதுவாயினும், நான்கு படிகளில் எது என்பது தெரியும்படி, பெயருக்கு முன்னால் முழுமையாக ஒலிபெயர்த்து எழுத வேண்டும்; வெறும் ‘ஜெனரல்’ என்பதை முழு ஜெனரலுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பொறுப்பைத் தமிழில் எழுத வேண்டும்: டிவிஷனின் தளபதி, தரைப்படைத் தளபதி, உயர் ஆணையர் என்பதுபோல. கூட்டரசு அரசமைப்பின் 41ஆம் விதி மாமன்னருக்கு அளிக்கும் உச்சத் தலைமையை ‘ஆயுதப் படைகளின் உச்சத் தளபதி’ என்று எழுதினால், 1964இல் ஆயுதப் படைகளின் தலைமையை ஏற்ற முதல் மலேசியரான ஜெனரல் துங்கு ஒஸ்மானின் பொறுப்போடு அது குழம்பாது. சேனாபதியும் தண்டநாயகமும் கடாரப் பலகையில் மட்டும் நிற்கட்டும். எழுத்துக்கூட்டலில் ‘லெப்டினன்ட்’ என்ற ஒரே வடிவத்தைக் கொள்வோம். நுழைவாயிலில் நான்கு படிகளையும் நட்சத்திரங்களோடு காட்டும் சிறு பலகை ஒன்று வேண்டும். அதை வரைந்து தருவதாகச் சார்ஜன் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த முறைப்படி திருத்திய முதல் பலகை குருண் போரைப் பற்றியது. அச்சகத்துக்குப் போகும் வாசகம் பின்வருமாறு:

“1941 டிசம்பர் 14, 15. ஜித்ராவிலிருந்து பின்வாங்கிய 11ஆம் இந்திய டிவிஷன் குருணில் நின்று போரிட்டது. டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் மர்ரே-லயன். அவருக்கு மேலே, மூன்றாம் இந்தியக் கோரின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஹீத். மலாயாவின் பிரிட்டிஷ் தரைப்படைகள் அனைத்துக்கும் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் பெர்சிவல். எதிரே ஜப்பானின் 25ஆம் படை. அதன் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் யமாஷிதா. குருண் வீழ்ந்ததும் டிவிஷன் தெற்கே மூடா ஆற்றைத் தாண்டிப் பின்வாங்கியது.”

இதில் ‘தளபதி’ நான்கு முறை வருகிறது, ‘ஜெனரல்’ நான்கு முறை வருகிறது. எந்த இடத்திலும் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்க முடியவில்லை.